தேரிக்கு விருந்து வந்த மலை

ஆனி முடிந்து ஆடி பிறக்கிற வாரத்தில், மேற்கிலிருந்து வீசுகிற காற்று எங்கள் தேரியை அள்ளி அள்ளித் தூற்றிக்கொண்டிருந்தபோது, ஆனைச்செவி மலை தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, வயல்களையும் குளங்களையும் தாண்டி, எங்கள் செங்காட்டுவிளைக்கு வந்து, லிங்கத்துரையின் முருங்கைத் தோட்டத்துக்குப் பின்னால், வேலி முள்ளில் ஒன்றைக்கூட மிதிக்காமல் நின்றது. ஏதோ கரடு, குன்று என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் ஈத்தைப் புதரும் நடுவில் சோலைக்காடும் உச்சியில் வரையாடு நிற்கிற வழுக்குப்பாறையுமாக, கருமந்திகளோடும் தேன்கூடுகளோடும், தோளிலிருந்து விழுகிற அருவியோடும், தலையில் கட்டிய துண்டு மாதிரி ஒரு மேகத்தோடும் முழுசாக வந்திருந்தது. வருகிற வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்ததாம், மெயில் வண்டி போகிறவரை ஓரமாக நின்று, கேட் திறந்த பிறகுதான் கடந்ததாம். கேட் கீப்பர் சொன்னார். அவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை.

எங்கள் தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒரு மலை வந்ததில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கண் எட்டுகிற மட்டும் சிவப்பு மணல், செங்கல்லை இடித்துச் சலித்த சிவப்பு, மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். நேற்று இருந்த மேடு இன்று அங்கே இருக்காது. காற்றோடு நகர்ந்து, ஒரு பனையை இடுப்புவரை புதைத்து, அடுத்த வருஷம் அதே பனையை வேர் தெரிய வெளியே எடுத்துக் காட்டி, கடலைப் பார்த்துக் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். உச்சி வெயிலில் கால் வைத்தால் கொப்புளித்துவிடும், ஒரு சாண் தோண்டினால் ஈரம், இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர். ஐப்பசி மழையில் ஒரு சொட்டைக்கூட ஓடவிடாமல் விழுந்த இடத்திலேயே குடித்துக்கொண்டு, வருஷம் முழுக்கக் முந்திரிக் கொல்லாமரத்துக்கும் முருங்கைக்கும் பனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிற மண் இது, இப்படி ஒரு மண் வேறு எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். பாலைவனம் என்று படித்தவர்கள் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஒன்றுதான் குறை, கல் கிடையாது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, அதில் முதல் பாதிதான் எங்கள் ஊரில் செல்லும். அம்மியும் ஆட்டுரலும்கூட லாரியில் வெளியூரிலிருந்து வந்தவைதான்.

அப்படிப்பட்ட ஊரில் முழு மலை வந்து நின்றபோது பயமாக இல்லையா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பயப்பட எங்களுக்கு எங்கே நேரம் இருந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயைக் கொப்புளித்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஊர் மொத்தமும் மணலில் ஓடிப்போய் மலையின் முன்னால் நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றோம். அதுதான் முதல் காரியம். மற்றதெல்லாம் பிறகு.

ஏனென்றால் நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை பட்டவர்கள். லிங்கத்துரையின் மனைவி சொர்ணக்கனி மேற்கே மலையடிவாரத்துச் சுனைக்குறிச்சியில் பிறந்து தேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் மகளுக்குக் காது குத்திய அன்று, சொர்ணக்கனியின் அப்பா அணைஞ்சபெருமாள், தலையில் சீர்ப்பெட்டியோடு, பஸ்ஸை விட்டு இறங்கி, மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்து வாசலில் நின்றார். அதே நேரம் பார்த்து ஒரு காற்று வந்து பந்தலைத் தூக்கியது. ஆண்கள் எல்லோரும் கம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், பெண்கள் சோற்றுப் பானையை மூட ஓடினார்கள், சொர்ணக்கனி கத்துகிற பிள்ளையோடு அறைக்குள் இருந்தாள். லிங்கத்துரை மாமனாரைப் பார்த்தான், ஆனால் பந்தல் கயிற்றைப் பல்லில் கடித்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான். "வாங்க" என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. பெரியவர் சற்று நேரம் நின்றார், பெட்டியை இறக்கி வாசலில் வைத்தார், "தலையாட்டுத வீட்டுல எனக்கு என்ன சோலி?" என்று கேட்டுவிட்டு வந்த மணலிலேயே திரும்பி நடந்தார். பின்னாலேயே ஓடினார்கள், காலில் விழுந்தார்கள், ஆள் விட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சொர்ணக்கனி பிறந்த வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே சொல்லிவிட்டார், "நானும் அங்க வாரதில்ல, நீயும் இங்க வர வேண்டாம்." அன்றைக்குப் பிறகு அவள் மேற்கே போகிற பஸ்ஸில் ஏறவில்லை. மலை வந்தபோது காது குத்தின பிள்ளை அம்மாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டிருந்தாள், அதுவரை சொர்ணக்கனியும் அவள் அப்பாவும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரோ அந்த ஒரு நாளுக்குப் பயந்து, கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரையும், வழி தவறி வருகிற பக்கத்து ஊர் ஆட்டையும்கூட "வாங்க" என்று கூப்பிடப் பழகிவிட்டது.

அதனால் மலைக்கும் சொன்னோம். சொன்ன பிறகுதான் இது எந்த ஊர் மலை என்று யோசித்தோம். அதற்குள் சொர்ணக்கனி கையில் மாவோடு வெளியே வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இது எங்கூரு மலைல்லா!" என்றாள் புருஷனைப் பார்த்து. "அந்தா, காது மாதிரி மடிஞ்சு ஒரு பாறை தெரியுது பாருங்க. எங்க வீட்டு வாசல்ல நின்னா நேரே அதுதான் தெரியும்."

"அப்பம் ஒன்னப் பாக்கத்தான் வந்திருக்கு மைனி," என்றாள் டீக்கடை ஜெயக்கொடி. "ஒங்கப்பாதான் வரல. மலையாச்சும் வந்துட்டு."

ஜெயக்கொடி சொன்னதே ஊர் முடிவாயிற்று. மலை சொர்ணக்கனியின் பிறந்த வீட்டு ஆள், லிங்கத்துரைக்குச் சம்பந்த வழி, ஆகவே ஊருக்கே விருந்தாளி. பூசாரி மட்டும் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, பாறையில் மூன்று பட்டை இழுத்துச் சாமியாக்கிவிடலாம் என்றார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. சாமி என்றால் வருஷத்துக்கு ஒரு கொடை விழாவோடு நிறுத்திக்கொள்வார்கள், விருந்தாளியை அப்படி விட முடியுமா? தினம் ஒரு வீடு என்று முறை வைத்து, பதநீர் ஒரு குடமும் அவித்த கிழங்கு ஒரு பெட்டியும் மலையடியில் கொண்டுபோய் வைத்தோம். கருமந்திகள் வந்து தின்றுவிட்டுப் போயின. தாலுகா ஆபீசிலிருந்து ஒரு ஜீப் வந்தது, இந்த இடத்தில் மலை இருக்க அனுமதி இல்லை என்று சொல்லத்தான் வந்திருப்பார்கள், ஆனால் வழியிலேயே மணலில் அச்சுவரை புதைந்தது. அவர்களுக்கும் "வாங்க" சொல்லி, பதநீர் கொடுத்து, ஜீப்பைத் தள்ளித் திருப்பிவிட்டோம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. மதியம் சாய்ந்ததும் மலையின் நிழல் மெதுவாக இறங்கி, முருங்கைத் தோட்டத்தைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிவரை வந்து படுத்துக்கொள்ளும். பொழுது போய்விட்டது என்று கோழிகள் கூட்டுக்குள் ஏறிவிடும், எங்கள் ஊரில் முதல்முறையாக ஆட்கள் பட்டப்பகலில் வெறுங்காலோடு மணலில் நடந்தார்கள். ஆடுகள்தான் முதலில் மலை ஏறின, கால் கவட்டையில் அட்டையோடு இறங்கி வந்தன, அட்டை என்றால் என்ன என்று தெரியாமல் கூட்டம் கூடிப் பார்த்தோம், சொர்ணக்கனி சிரித்துக்கொண்டே சுண்ணாம்பு தடவி எடுத்துவிட்டாள். பிள்ளைகள் பாறைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள், உட்கார்ந்தால் உள்ளே இறங்காத தரையை அவர்கள் அதுவரை கண்டதில்லை. இருவாச்சிப் பறவை ஒன்று சோலையிலிருந்து பறந்து வந்து எங்கள் பனையில் உட்கார்ந்து, பனம்பழத்தைக் கொத்திப் பார்த்து, பிடிக்காமல் போயிற்று. எல்லாவற்றையும்விட அருவிதான் பார்க்கவேண்டிய காட்சி. அவ்வளவு உயரத்திலிருந்து, அவ்வளவு தண்ணீர், இராப்பகலாக விழுந்துகொண்டே இருந்தது, எங்கள் தேரியும் இராப்பகலாகக் குடித்துக்கொண்டே இருந்தது, ஒரு முழத் தூரம்கூட ஓடையாகப் போகவிடவில்லை. கொடுக்கிற மலை பெரிசா, வாங்கிக்கொள்கிற மண் பெரிசா என்று ஜெயக்கொடி கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம், இரண்டு கட்சியும் ஜெயித்த மாதிரியே எழுந்து வீட்டுக்குப் போனோம்.

லிங்கத்துரை அருவிக்குக் கீழே வாழை வைத்தான். தேரியில் வாழை! கன்று குருத்து விட்ட அன்று அவன் ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். சொர்ணக்கனி வாழையைப் பார்க்கப் போகவில்லை. சாயங்காலம் வேலையெல்லாம் ஒதுங்கின பிறகு பின்வாசலில் உட்கார்ந்து அந்தக் காதுப் பாறையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் வந்தவரைப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிற நாக்கு எங்களுக்குக் கிடையாது. கேட்க விருப்பமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிழலும் தண்ணீரும் கல்லும் கிடைத்தால் யார்தான் போகச் சொல்வார்கள். ஆடிக் காற்றுகூட மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, மணல் மேடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன, சோற்றில் மண் விழவில்லை. நேற்றைய பாதை இன்றும் அப்படியே கிடந்ததில் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது.

மேற்கே நிலைமை வேறு. ஆனைச்செவி மலை நின்ற இடம் வெறும் வாசலாகத் திறந்து கிடந்ததால், கேரளத்துப் பக்கமிருந்து வந்த மழை மேகங்கள் முட்டுவதற்கு ஒன்றுமில்லாமல், குனிந்துகூடப் பார்க்காமல் சுனைக்குறிச்சியைத் தாண்டிப் போய்விட்டன. ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்து, பிறகு அதுவும் இல்லை. கார் பருவத்துக்குப் பாவியிருந்த நாற்று மஞ்சளித்தது. மலையைத் தேடி எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கேட் கீப்பரிடம் விசாரித்து, அந்த ஊர்க்காரர்கள் ஒரு வேன் பிடித்து ஒரு மதியம் எங்கள் ஊருக்கு வந்தார்கள். வேன் சாலையிலேயே நின்றுகொண்டது, அவர்கள் நடந்து வந்தார்கள், முன்னால் நடந்து வந்தவர் அணைஞ்சபெருமாள்.

நாங்கள் வழி நெடுக "வாங்க, வாங்க" என்றோம். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. முருங்கைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று, மகள் வீட்டின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், மலையைப் பார்த்து மட்டும் பேசினார்.

"எய்யா, கெளம்பு. ஊரு கெடந்து தவிக்கி. நீ இங்கன வந்து நெழலு குடுத்துக்கிட்டு நிக்க?"

மலை அசையவில்லை. அருவி விழுந்துகொண்டிருந்தது. பெரியவர் சத்தம் போட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோபப்பட்டும் பார்த்தார்.

"அது எப்பிடி வரும் அண்ணாச்சி?" என்றாள் ஜெயக்கொடி. "விருந்துக்கு வந்தவங்கள வீட்டுக்காரிதான் அனுப்பி வைக்கணும். சொர்ணக்கனிகிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

"அவ மொகத்துல நான் முழிக்க மாட்டேன்."

அவரோடு வேனில் வந்தவர்களில் மாடக்கண்ணு என்று ஒருத்தர், அவர் வயதுக்காரர், வெயிலில் நடந்து வந்த எரிச்சலில் இருந்தவர், இதைக் கேட்டதும் வெடித்துவிட்டார்.

"முழிக்க மாட்டேரோ? தெனமும் அந்தியில வாசல்ல ஒக்காந்து, இந்தக் காதப் பாத்துக்கிட்டு, 'எம்மவ இப்பம் என்ன செய்யுதாளோ, மண்ணுல கெடந்து என்ன பாடு படுதாளோ'ன்னு பொலம்புனது யாரு வே? நீருதான! இத்தன வருசமா ஒரே பொலப்பம். கல்லுக்கும் காது புளிச்சுப் போவாதா? 'இரும் ஓய், நானே போயிப் பாத்துட்டு வாரேன்'னு அது கெளம்பி வந்துட்டு. ஒம்மாலதான் எங்க நாத்து கருகுது!"

வேலிக்கு உள்ளே, முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த சொர்ணக்கனி இதைக் கேட்டாள். நாங்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். அவள் இலையைக் கீழே வைத்தாள், வீட்டுக்குள் போனாள், ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வெளியே வந்து, வேலிப் படலைத் திறந்து நின்றாள். 

"வாங்கப்பா."

அணைஞ்சபெருமாள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கூட வந்தவங்க எல்லாரும் வெயில்ல நிக்காங்க," என்றார்.

"எல்லாரும் வாங்க," என்றாள்.

அவர் உள்ளே வந்தார், தண்ணீரை அண்ணாந்து குடித்தார், பாதி வாயிலும் பாதி சட்டையிலும் போயிற்று. லிங்கத்துரை இந்தத் தடவை இரண்டு கையும் வாயும் சும்மா இருந்ததால் "வாங்க மாமா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான். சொல்லிவிட்டு, மனைவியைத் தனியே கூப்பிட்டு, "மலைய மட்டும் அனுப்பிராத, வாழ இப்பத்தான் குருத்து விட்டிருக்கு," என்றும் சொன்னான். எங்களில் பாதிப்பேர் மனசில் இருந்ததும் அதுதான், வாயைத் திறந்து சொன்னது அவன் மட்டும்.

சொர்ணக்கனி அப்பாவுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"அனுப்பி வையிம்மா," என்றார் அவர்.

"மாட்டேன்."

"ஏம்மா?"

"அது போனா நீங்களும் போயிருவீய. பெறவு ஒங்கள எப்பம் பாக்க? அது இங்கன நின்னாத்தான் அதப் பாக்குத சாக்குல தெனமும் நீங்க இங்க வருவீய."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "ஆத்துல தண்ணி இல்லம்மா," என்றார் கடைசியில். "நம்ம படித்தொறையில மீனு செத்துக் கெடக்கு. பிள்ளைங்கல்லாம் கொடத்த எடுத்துக்கிட்டு ரோட்டுல தண்ணி லாரிக்கு நிக்கி. நாத்தப் பத்திக்கூட நான் சொல்லல." வேறு எதுவும் சொல்லி அவளை வற்புறுத்தவில்லை.

அவள் வெகுநேரம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். ஓலைப்பெட்டி நிறையச் சில்லுக்கருப்பட்டி எடுத்தாள், வெற்றிலை பாக்கு வைத்தாள், மஞ்சள் கிழங்கு ஒன்று வைத்தாள், முந்தானையைச் சரியாகப் போர்த்திக்கொண்டு, தோட்டத்தைத் தாண்டிப் போய் மலையடியில் பெட்டியை வைத்துக் கும்பிட்டு, "போயிட்டு வாங்க," என்றாள். லிங்கத்துரை தன் வாழைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மலை போகவில்லை. கேட்டிருக்காதோ என்று அவள் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள், அப்போதும் போகவில்லை. மேகம் அப்படியே இருந்தது, கருமந்திகள் கிளையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. மாடக்கண்ணு அண்ணாச்சி, "இது மனுசன்கிட்டயிருந்து பிடிவாதம் படிச்ச மலை," என்று முணுமுணுத்தார். சரி, கூட்டிக்கொண்டு போக வந்தவர் முன்னால் நடந்தால் பின்னால் வரும் என்று ஒருத்தர் சொன்னார். அணைஞ்சபெருமாள் எழுந்தார். "வாரேம்மா," என்று சொல்லிவிட்டு, படலைத் தாண்டி, வேனைப் பார்த்து நடந்தார். சொர்ணக்கனி அழவில்லை. புறங்கையால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டு, படலைப் பிடித்தபடி, அவர் முதுகையே பார்த்து நின்றாள்.

பெரியவர் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். மலை நின்ற இடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பினார். மலை நின்றது, மகளும் நின்றாள். அவர் மலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், இருவரில் யாருக்குச் சொல்வது என்று தெரியாதவராகச் சற்று நின்றுவிட்டு, வந்த மணலில் திரும்ப நடந்து, மகளைத் தாண்டி, முருங்கைத் தோட்டத்தைத் தாண்டி, மலையடிக்குப் போய், ஈரப் பாறையில் கையை வைத்தார்.

"நீ முன்னால போ," என்றார். "நான் ரெண்டு நாளு எம்மவ வீட்டுல இருந்துட்டு வாரேன்."

அப்போது மலை கிளம்பியது. கிளம்பின அழகை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. முதலில் உச்சியிலிருந்த மேகம் மேற்கே திரும்பியது, பிறகு சோலை மரங்கள் எல்லாம் இலைகளை மடக்கிக்கொண்டன, வரையாடுகள் பாறையில் படுத்துக்கொண்டன, தேனீக்கள் கூட்டுக்குள் போயின, அருவி தன்னைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டது, கருப்பட்டிப் பெட்டி எந்தப் பாறை இடுக்குக்குள் போனது என்று யாரும் பார்க்கவில்லை, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு முருங்கைக் காம்பும் ஒடியாமல், அவ்வளவு பெரிய மலை எங்கள் சிவப்பு மணல்மேல் தடம்கூடப் பதிக்காமல் நடந்து போயிற்று. அது விலகிய இடத்தில், அதுவரை அந்தப் பக்கம் காத்துக்கிடந்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. மணல் எழுந்தது, மேடுகள் நகர ஆரம்பித்தன, பனைகள் ஓலையை அடித்துக்கொண்டு கத்தின, எங்கள் தேரி மறுபடியும் கடலைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. நாங்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தோம். வந்த மலையும் அழகு, இருக்கிற மண்ணும் அழகு.

சுனைக்குறிச்சிக்காரர்கள் மலையை முந்த வேண்டும் என்று வேனுக்கு ஓடினார்கள். அணைஞ்சபெருமாள் ஓடவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, தடவித் தடவிப் படலைக் கண்டுபிடித்து உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி உதறிக் கொடியில் போட்டார்.

"இந்தக் காத்துலயா குடியிருக்க?" என்றார் மகளிடம்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள்.